நண்பகலில் சூரியன் நிற்கும் பக்கம்

கோப்பாய்
04.08.1993

திரு. பஞ்சலிங்கம் அவர்களுக்கு,

பதினான்கு மாதங்களாக நான் உங்களுக்கு எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. அந்தச் சண்டையை முடிப்பதற்காக இப்போது எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆகவேண்டும். நோர்வேயில் எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் மூடிக்கிடந்த புகையிலைக் களஞ்சியம் ஞாபகமிருக்கும். அதன் தெற்குச் சுவரோடு ஒட்டி இறக்கிய சாய்ப்புப் பத்தியில் இரண்டு வருடமாக ஒரு சிகிச்சை நிலையம் நடக்கிறது. செல்வநாயகி அக்கா என்ற, பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுதான் அதற்கு எல்லாம். மின்சாரம் நின்று மூன்று வருடமாகிவிட்டதால், குழந்தைகளின் தடுப்பு மருந்தை வைக்கச் சூரிய ஒளியில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டியை வெளிநாட்டு நிவாரணக்காரர் ஒருவர் தை மாதம் கொண்டுவந்து பூட்டினார். வெயில் பிடிக்கும் தகடு பத்தியின் கூரையில் இருக்கிறது. பங்குனி வரை ஒரு குறையும் இல்லை. சித்திரைக்குப் பிறகு பெட்டி சூடாகத் தொடங்கியது. ஆனியில் இரண்டு முறை மருந்து முழுவதையும் கிணற்றடியில் ஊற்றினோம்.

அக்கா என்னிடம் வந்து, “தங்கச்சி, நீர் கணக்கு ரீச்சர்தானே. உந்த வெயிலுக்கு என்ன பிடிச்சது? வெளியிலை தலை வெடிக்குது, தகட்டிலை மட்டும் வெயில் இல்லை” என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். நேரம் பன்னிரண்டு கடந்திருந்தது. களஞ்சியச் சுவரின் நிழல் தெற்குப் பக்கமாக இறங்கித் தகட்டின் மேல் படுத்திருந்தது. சூரியன் சுவருக்குப் பின்னால், வடக்கே நின்றது. எங்கள் ஊரில் சித்திரையிலிருந்து ஆவணி வரை அது வடக்கேதான் நிற்கும். தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

நிவாரணக்காரர் விட்டுப்போன காகிதத்தை அக்கா காட்டினார். கணினியில் அச்சானது. “இவ்விடத்தில் ஆண்டு முழுவதும் நண்பகலில் சூரியன் தெற்கில் நிற்கும். வடக்கே உள்ள சுவரால் நிழல் விழாது” என்று அதில் இருக்கிறது. அடியில் ‘ஸோல்வேய்’ என்று கணினி நிரலின் பெயரும், நோர்வே விலாசம் ஒன்றும், இப்படி ஒரு வாசகமும்: இந்த நிரலை எவரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம்.

அக்காவின் தகட்டை நாங்கள் நகர்த்திவிடுவோம். ஆனால் இதே காகிதம் இன்னும் எத்தனை ஊருக்குப் போயிருக்கிறதோ. எவரும் திருத்தலாம் என்றால் நானும் திருத்தலாம். அது எப்படி என்று கேட்டு எழுதுங்கள்.

மகாதேவி


ட்ரொம்சோ
20.10.1993

அன்பின் தேவிக்கு,

‘திரு. பஞ்சலிங்கம் அவர்களுக்கு’ என்று தொடங்கும் கடிதத்தை மீன் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில் மூன்று முறை வாசித்தேன். கோபத்திலும் உம்முடைய எழுத்து ஒரு பக்கமும் சாயவில்லை. நீர் எழுதினீர் என்பதே போதும் என்று கையுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். இப்போது அதில் மீன் மணக்கிறது.

‘நான் வேணுமா, அந்தப் பிள்ளையளின்ரை கணக்கு வேணுமா’ என்று எழுதியவன் நான்தான். என் மனைவி என்று உம்மை இங்கே அழைக்கக் கடதாசிகள் எல்லாம் சரியாகி, நீர் உயர்தர வகுப்பை விட்டு வரமாட்டேன் என்று சொன்ன கிழமை அது. இன்று அதை எழுதமாட்டேன். அன்று எழுதியதை அழிக்கவும் முடியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் இங்கே பல்கலைக்கழகத்தில் கணினி வகுப்புக்குப் போகிறேன். அங்கிருந்து தேடிப் பிடித்தேன். ஸோல்வேய் என்றால் இவர்கள் மொழியில் சூரியனின் வழி. எழுதத் தொடங்கியவர் ஹோல்கர், பேர்கன் நகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கடல் அளவையாளர். பிறகு பல நாடுகளிலிருந்து முப்பது பேர் வரை அதில் கைவைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கணினிகளுக்கு இடையே போகும் கடிதத்தால் மட்டும் பழக்கம். யாரோ ஒருவர் ஒரு பிழையைக் காண்கிறார், திருத்தி அனுப்புகிறார், ஹோல்கர் பார்த்துச் சரியென்றால் சேர்த்துக்கொள்கிறார். இதற்கு ஒருவரும் சம்பளம் வாங்குவதில்லை. முதலில் நான் நம்பவில்லை.

நிரல் முழுவதையும் அச்சிட்டு இத்துடன் அனுப்புகிறேன். நாற்பத்தொரு பக்கம். திருத்தம் அனுப்புவோருக்கு அவர்களிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பிழையை அவர்களும் காணும்படி காட்டவேண்டும்: எந்த இடம், எந்த நாள், நிரல் என்ன சொல்கிறது, என்ன சொல்லியிருக்க வேண்டும். பிறகு திருத்தம். எடுக்கும் வரிக்கு முன்னால் சய (−) அடையாளம், சேர்க்கும் வரிக்கு முன்னால் சக (+) அடையாளம், மேலும் கீழும் தொடாத மூன்று வரிகள், இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக. ஏன் மாற்றினீர் என்று தலைப்பில் சில வசனங்கள். நீர் கையால் எழுதி அனுப்பும். நான் தட்டச்சு செய்து அனுப்புவேன்.

இங்கே சூரியன் ஒவ்வொரு நாளும் மலைக்கு மேலே சற்றுக் குறைவாக எழும்புகிறது. அடுத்த மாதக் கடைசியில் எழும்பாமலே விட்டுவிடும். பிறகு இரண்டு மாதம் நண்பகலில் நீலமாக ஏதோ ஒன்று வந்து, ஊரைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த நேரத்தில் யாரோ நித்திரையில் என்னைப் பார்ப்பது போல இருக்கும்.

உம்முடைய
பஞ்சலிங்கம்


கோப்பாய்
16.01.1994

அத்தானுக்கு,

நாற்பத்தொரு பக்கமும் வந்தன. ஒன்பதாம் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. நீராவியில் பிரித்தேன்.

இந்த மொழி எனக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வேறொன்று, அட்டையில் துளைபோட்டு ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கொடுப்போம். ஆனால் கணக்குக் கணக்குத்தான். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் வெறுமையாக இருக்கும். உயர்தர வகுப்பின் கரும்பலகையில் நிரலை ஒவ்வொரு வரியாக எழுதி, மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு அது செய்வதை நானே செய்து பார்த்தேன். கோப்பாயின் அகலக்கோட்டைக் கொடுத்தேன். ஆனி மாதம் ஒரு நாளைக் கொடுத்தேன். ஒரே ஒரு நண்பகலைக் கணிக்க எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கணினி கண் இமைக்கும் முன் செய்யுமாம். இரண்டு மணித்தியாலம் சூரியனோடு நடந்து போனால் வழியில் என்னென்ன இருக்கிறதென்று தெரிகிறது.

இருபத்துமூன்றாம் பக்கத்தில் பிழை இருந்தது. சூரியன் எவ்வளவு உயரம் என்பதை நிரல் சரியாகத்தான் தொடங்குகிறது. எங்களுடைய ஆனி மாதத்துக்கு நூற்றுமூன்று பாகை வருகிறது. தொண்ணூறு பாகையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், அதற்கு மேலே போனால் தலையைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்துவிட்டதென்று அர்த்தம். நிரலுக்கு அது தெரியவில்லை. தொண்ணூறுக்கு மேலே போன எதையும் தொண்ணூறாகக் குறைத்து, திசை தெற்கு என்று முடித்துவிடுகிறது. அந்த வரியை எழுதியவர் தன் வாழ்நாளில் தலைக்கு வடக்கே சூரியனைக் கண்டதில்லை.

திருத்தம் பதினான்கு வரி, தனித்தாளில் இருக்கிறது. கூடவே மாதங்களைக் கூட்டும் இடத்தில் ஒரு சுற்று வழி இருந்தது, அதையும் நேராக்கினேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை, அதையும்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் ஒரு வெள்ளை முற்றத்தில் சூரியன் வரி வரியாக இறங்கி வருவது தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மகாதேவி


ட்ரொம்சோ
25.03.1994

அன்பின் தேவிக்கு,

அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குத் தொழிற்சாலையில் கத்தி இரண்டு முறை கைதவறியது. யாழ்ப்பாணத்தில் ஒரு ரீச்சர் கரும்பலகையில் இருந்து கணித்ததை, எல்லா வசதியோடும் இருக்கிற மனிதர் ஒரே பந்தியில் தள்ளிவிட்டார் என்று பட்டது.

ஹோல்கர் எழுதியதை நம் பாஷையில் தருகிறேன்: “பிழையைக் காட்டியதற்கு நன்றி. அது உண்மையான பிழை. ஆனால் நீங்கள் அனுப்பியதில் மூன்று திருத்தங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு திருத்தம் ஒரு வேலை செய்யவேண்டும். நாளைக்கு ஒன்றில் குறை வந்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அதை மட்டும் எடுக்க முடியவேண்டும். இரண்டாவது, இது நண்பகலுக்கு மட்டும் பொருந்துகிறது. காலையும் பின்னேரமும் என்ன ஆகும்? பூமத்திய கோட்டுக்குத் தெற்கே என்ன ஆகும்? கடைசியாக, சூரியன் அப்படி நிற்பதை யாராவது கோல் நட்டு அளந்து பார்த்தீர்களா? எண்கள் இருந்தால் அனுப்புங்கள்.”

நீர் இதோடு விடுவதானால் விடும். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

உம்முடைய
பஞ்சலிங்கம்


கோப்பாய்
20.04.1994

அத்தானுக்கு,

உங்களுக்கு ஏன் கோபம்? நான் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதுவதைத்தான் அந்த மனிதர் எனக்கு எழுதியிருக்கிறார். ‘படிகளைப் பிரித்துக் காட்டவும்.’ வாசித்தபோது சிரிப்பு வந்தது. வெகுநாளாக ஒருவரும் என் விடையைத் திருத்தவில்லை.

கோல் நட்டோம். சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள், ஏப்ரல் பதினைந்து. செல்வநாயகி அக்கா சிகிச்சை நிலையத்து முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். ஆறடிக் கோல், தூக்குக் குண்டு பிடித்து நேராக்கினேன். காலை எட்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் ஓர் ஆணி அடித்தேன். நிழல் குறுகிக் குறுகிக் கோலுக்குக் கிட்ட வந்தது. பன்னிரண்டு பத்துக்கு அது இல்லை.

அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கோல் நிற்கிறது, அதற்கு நிழல் இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் சூரியன் முழுதாகக் கிடந்தது. அக்கா நடு முற்றத்தில் நின்று தன் காலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ரை நிழல் எங்கை, தங்கச்சி?” என்று மெதுவாய்க் கேட்டார். வாசலில் குழந்தைகளோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வெயிலுக்குள் இறங்கி வந்தார்கள். எல்லோரும் நிலத்தை விட்டு ஓர் அங்குலம் மேலே நிற்பது போல இருந்தது. நான்கைந்து நிமிடம்தான். பிறகு கோலின் கிழக்கே மயிர் போல ஒரு கோடு வந்தது. எல்லோரும் மறுபடியும் பாரமானார்கள்.

எண்கள் இணைப்பில் உள்ளன. திருத்தத்தை முழுக்கப் புதிதாக எழுதியிருக்கிறேன். தொண்ணூறுக்கு மேலே போனால் என்ன செய்வதென்று கேட்பதை விட்டுவிட்டேன். சூரியன் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே கணித்தால் திசை தானாக வருகிறது. காலைக்கும் பின்னேரத்துக்கும் அதுவே, பூமத்திய கோட்டின் இரு பக்கத்துக்கும் அதுவே. பதினான்கு வரி ஆறு வரியாகிவிட்டது. மற்ற இரண்டு திருத்தங்களும் வேறு வேறு தாள்களில்.

தகட்டைக் கூரையின் தெற்கு விளிம்புக்கு நகர்த்திவிட்டோம். பெட்டி குளிர்கிறது.

மகாதேவி


ட்ரொம்சோ
02.08.1994

அன்பின் தேவிக்கு,

சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஆறு வரியும் ஸோல்வேயின் புதிய பதிப்பில் இருக்கிறது. ஹோல்கர் ஒரே ஒரு மாற்றமும் கேட்கவில்லை. கோல் நட்ட கதையை அவர் எல்லோருக்கும் அனுப்பினார். ‘இப்படி ஒரு விளக்கக் குறிப்பு இந்த நிரலுக்கு இதுவரை வந்ததில்லை’ என்று எழுதினார்.

இன்னொரு செய்தி. பல்கலைக்கழகக் கணினி அறையில் ஓர் உதவியாளர் இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் திருத்தத்தைப் பற்றி அறைப் பொறுப்பாளர் கேள்விப்பட்டிருந்தார். தொழிற்சாலைக்கு இனிப் போகத் தேவையில்லை. கையில் மீன் மணம் போக ஒரு கிழமை எடுத்தது.

இரண்டு மாதம் மறையாமல் இருந்த சூரியன் இப்போது மறையப் பழகுகிறது. வெளிச்சத்தில் நித்திரை கொண்டு எழும்பி, எது நேற்று எது இன்று என்று தெரியாமல் திரிந்தேன். வேறு விசேஷமில்லை. வேறு எழுதவும் தோன்றவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

உம்முடைய
பஞ்சலிங்கம்


கோப்பாய்
11.12.1994

அத்தான்,

நேற்று நிவாரணக்காரர் ஒருவர் புதிய பதிப்பில் எடுத்த காகிதத்தைச் செல்வநாயகி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்திரையிலிருந்து ஆவணி வரை நண்பகலில் சூரியன் வடக்கே என்று சரியாக இருந்தது. அக்கா ஓடிவந்து, “உம்மடை சூரியன் வந்திட்டுது” என்று நீட்டினார்.

அடியில் திருத்தியவர்களின் பெயர்கள் இருந்தன. ‘பஞ்சலிங்கம், ட்ரொம்சோ.’

எனக்குப் பழக்கமான பெயர்தான். நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் ஏப்ரல் பதினைந்தாம் திகதி எங்கள் முற்றத்தில் நிற்கவில்லை.

நீங்கள் வேறு, நான் வேறா என்று கேட்பீர்கள். ஓம். வேறு.


ட்ரொம்சோ
06.03.1995

அன்பின் தேவிக்கு,

உம்முடைய கடிதத்தில் கையெழுத்து இல்லை. கடைசி இரண்டு வசனமும் கையெழுத்துத்தான்.

என் கணினி விலாசத்திலிருந்து போனதால் என் பெயர் தானாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்கிறேன். முதல் முறை ஹோல்கர் ‘நல்ல வேலை, பஞ்சலிங்கம்’ என்று எழுதியபோது, அது நான் அல்ல, என் மனைவி என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் ஒருவரும் என்னிடம் நல்ல வேலை என்று சொன்னதில்லை. ஒரு நாள் அந்தச் சொல்லோடு இருக்க ஆசைப்பட்டேன். பிறகு அறைப் பொறுப்பாளர் கைகுலுக்கினார். அதன் பிறகு சொல்வதற்கு ஏற்ற நாள் என்று ஒன்று வரவில்லை.

சூரியன் இல்லாத மாதங்களில் உம்முடைய கடிதம் வந்தது. கணினி அறையில் தனியே இருந்தபோது என் கைகள் இன்னொருவருடைய கைகள் போலத் தெரிந்தன. திருத்தம் அனுப்பும் முப்பது பேருக்கும் பொதுவாக எழுதினேன்: ‘சூரியன் நிற்கும் திசையைச் சரிசெய்த ஆறு வரியும், அதன் விளக்கமும், கோல் அளவுகளும் என்னுடையவை அல்ல. இலங்கையில் கணிதம் கற்பிக்கும் என் மனைவி, கணினி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், கையால் எழுதியவை. நான் தட்டச்சு மட்டும் செய்தேன். இதை எட்டு மாதம் மறைத்தேன்.’

மூன்றாம் நாள் ஹோல்கர் எழுதினார்: “யார் எழுதினார் என்பதும் நிரலில் ஒரு வரி. அது பிழையென்றால் திருத்தவேண்டும். தன் பெயரை அவர் எப்படி எழுதுவார் என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். நீங்களாக எழுதவேண்டாம்.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அறைப் பொறுப்பாளர் நல்லவர்தான். சித்திரைக்குப் பிறகு என் இடம் நீடிக்கப்படாது என்று சொல்லிவிட்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொழிற்சாலையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் நீர் மன்னிக்கவேண்டும் என்று எழுதவில்லை. உம்முடைய பெயரை எப்படி எழுதவேண்டும்? அதை மட்டும் எழுதி அனுப்பும்.

பஞ்சலிங்கம்


கோப்பாய்
30.05.1995

அத்தானுக்கு,

இரண்டு கிழமை பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைக்கவேண்டாம். கோபம் இருந்தது, அது வேறு. பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடப் பதிவில் நான் திருமதி பஞ்சலிங்கம். பிறப்புச் சான்றிதழில் மார்க்கண்டு மகாதேவி. ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள், மற்றதில் ஐயா இருக்கிறார். இரண்டு பேர் மீதும் எனக்கு அன்பு உண்டு. ஆனால் அந்த ஆறு வரிக்குள் இரண்டு பேரும் இல்லை. அதற்குள் இருந்தது நானும், இந்த ஊர் எந்த அகலக்கோட்டில் இருக்கிறது என்பதும்தான். இந்த ஊர் பதினாலு பாகை வடக்கே இருந்திருந்தால், பெட்டி கெட்டிருக்காது, நானும் எழுதியிருக்கமாட்டேன்.

ஆகவே ‘மகாதேவி, கோப்பாய்’ என்று போடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எப்படி என்று கீழே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பிழை விடவேண்டாம்.

‘நல்ல வேலை’ என்ற சொல்லுக்காக என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாற்பத்தொரு பக்கத்தை எனக்கு அனுப்பியதும், திருப்பி வந்தபோது எனக்காகக் கோபப்பட்டதும், ஓர் அடையாளம் பிசகாமல் என் கையெழுத்தைத் தட்டச்சு செய்ததும் நல்ல வேலைதான். அதை நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நானும் அதைச் சொல்ல ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மீன் வெட்டும்போது கையுறை போடுங்கள்.

ஏப்ரல் பதினைந்தாம் திகதி இந்த வருடமும் முற்றத்தில் கூடினோம். நான் ஒருவரையும் அழைக்கவில்லை. தாங்களாகவே வந்தார்கள். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு சண்டை மூண்டு, வானத்தில் குண்டு விமானங்கள் திரும்பவும் வரத் தொடங்கிவிட்டன.

மகாதேவி


ட்ரொம்சோ
03.10.1995

அன்பின் தேவிக்கு,

‘மகாதேவி, கோப்பாய், இலங்கை.’ அச்சிட்டு அனுப்புகிறேன், சுவரில் ஒட்டும். ஒட்டாவிட்டாலும் வைத்திரும். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கும் மனிதருக்குக் காட்டினேன். “உன் பெயர் எங்கே?” என்று கேட்டார். “நான் தட்டச்சு” என்றேன்.

உமக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. பெரு நாட்டில் லீமா நகரத்தில் படிக்கும் ரோசா என்ற பெண் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறாள். அவள் ஊரிலும் நிழல் இல்லாத நாள் இருக்கிறதாம். சூரியன் துல்லியமாக உச்சியில் வரும் அந்தக் கணத்துக்கு நிரலை ஓட்டினால் அது அப்படியே நின்றுவிடுகிறது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரிக்கப் பார்த்துத் திணறுகிறது. அவள் இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்: அப்படி வந்தால் திசை தெற்கு என்று விடை கொடுத்துவிட்டு மேலே போ. வரிகள் இணைப்பில் உள்ளன.

ஹோல்கர் அதைச் சேர்க்கவில்லை. “இந்தப் பகுதி கோப்பாய் மகாதேவியுடையது. அவர் பார்த்துச் சொல்லும் வரை வைத்திருப்பேன். கடிதம் வர எத்தனை மாதமானாலும் சரி” என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறார். ரோசாவும் காத்திருப்பதாக எழுதினாள். தேவி, உலகத்தில் முப்பது கணினிகள் உம்முடைய தபாலுக்காகக் காத்திருக்கின்றன.

இங்கே வானொலியில் சண்டை நம் ஊர் இருக்கும் வலிகாமத்துக்குக் கிட்ட வருகிறது என்கிறார்கள். வாரும் என்று இந்த முறை எழுதமாட்டேன். அதை நான் ஒரு முறை பிழையாகக் கேட்டுவிட்டேன். நீர் எங்கே இருந்தாலும் அந்த இடத்துக்கு எழுதுவேன். இடத்தை மட்டும் எனக்குச் சொல்லும்.

உம்முடைய
பஞ்சலிங்கம்


கொடிகாமம்
28.12.1995

அன்புள்ள அத்தான்,

நான் இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்றாம் நாள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கச் சிலவேளை பத்து நிமிடமானது. முன்னால் போனவரின் முதுகு மட்டும் தெரிந்தது. இவ்வளவு சனம் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. நித்திரையில் நடப்பது போல இருந்தது. சைக்கிளில் கட்டியிருந்த பைக்குள் உங்கள் கடிதமும் ரோசாவின் இரண்டு வரியும் இருந்தன. நாற்பத்தொரு பக்கமும் வீட்டில் நின்றுவிட்டன.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். செல்வநாயகி அக்கா தகட்டையும் பெட்டியையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். தன்னுடைய உடுப்புகளைக் கொண்டுவரவில்லை. முற்றத்தின் நடுவே, எந்தச் சுவரும் எட்டாத இடமாகப் பார்த்துக் கம்பு நட்டு நானே பூட்டினேன். போன கிழமை, பாதையோரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு முதல் மருந்து போட்டோம். தாய், “ரீச்சர், இது நல்ல மருந்துதானே?” என்று கேட்டா. குளிர்ந்த போத்தலை அவவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தா.

இனி ரோசாவுக்கு. ஒவ்வொரு பின்னேரமும் வேப்பமரத்தடியில் நிலத்தில் எழுதிப் பார்த்தேன். நிரல் எனக்குப் பாடமாக இருக்கிறது, தாள் தேவைப்படவில்லை. அவள் கண்டது உண்மையான பிழை. என்னுடைய ஆறு வரியில் நான் விட்ட பிழை. நிழல் இல்லாத முற்றத்தில் நானே நின்றிருந்தும் அதை யோசிக்கவில்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். நன்றியும் சொல்லுங்கள்.

ஆனால் தெற்கு என்று விடை கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். எங்களைக் கிணற்றடியில் மருந்து ஊற்ற வைத்ததும் அதே தெற்குத்தான். தெரியாத இடத்தில் ஒரு திசையைச் சொல்லிவிடக்கூடாது. அந்தக் கணத்தில் திசை இல்லை. நிரல் அப்படியே சொல்லட்டும், ‘திசை இல்லை’ என்று. சொல்லிவிட்டு அடுத்த நிமிடத்துக்குப் போகட்டும். அடுத்த நிமிடத்தில் திசை வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய இரண்டு வரியும் பின்பக்கத்தில் இருக்கின்றன. எழுதியவர் என்ற இடத்தில் ரோசாவின் பெயரைப் போடுங்கள். பார்த்தவர் என்று என் பெயர் போதும்.

கோப்பாயில் இப்போது ஒருவரும் இல்லை என்கிறார்கள். விளக்கு வைக்கவும் ஆளில்லையாம். பெயர்ப் பட்டியலில் ஊரை மாற்றவேண்டுமா என்று ஹோல்கர் கேட்கக்கூடும். மாற்றவேண்டாம். வேறு எந்தக் காகிதத்திலும் நாங்கள் அங்கே இருந்ததாக இப்போது இல்லை.

தபால் கந்தோர், கொடிகாமம் என்று எழுதினால் எனக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமைகளில் போய்க் கேட்பேன். அங்கே நிற்கும் வரிசை நீளமானது, எல்லோரும் யாரோ ஒருவருடைய கையெழுத்தைத் தேடுகிறார்கள். உங்களுடைய எழுத்து வலது பக்கம் சாயும். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உங்களுடைய
மகாதேவி